நாலாம் மாடியில் வெள்ளைக் காய்

இதைப் படித்துவிட்டு, 'சும்மா கதை விடுகிறாள்' என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. என் தங்கையே முதலில் அப்படித்தான் சொன்னாள். ஆனால் ஒன்று. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பில் விரிசல் விட்டிருந்தால் விட்டிருக்கிறது, இல்லையென்றால் இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. பிணவறைக்குப் பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி இல்லை நான்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத ஆள். கயிறு, கப்பி, மோட்டார்... இவைதான் அவருக்கு உற்றார் உறவினர். ஒரே பைத்தியம் செஸ். கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். "குதிரை ஏன் நேராப் போகாம இப்படி நொண்டியடிச்சுப் போகுது?" என்று நான் கேட்டதில் தொடங்கிய சண்டை, இரண்டு பேரும் சாப்பிடாமல் படுப்பதில் முடிந்தது. அதோடு போர்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அது பரணிலேயே கிடந்திருக்கலாம்.

அந்தப் பழைய கட்டடத்து லிஃப்ட் வேலை அவருக்கு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஐந்து மாடிக் கட்டடம். கயிறு மாற்ற வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டு மாற்ற வேண்டும். பகலில் ஆபீஸ்காரர்கள் ஏறி இறங்குவதால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கைவைக்க முடியும். ஒரு மாதம் இழுக்கும் என்றார். சரி என்றேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரம் பரணிலிருந்து போர்டு இறங்கியது. சமையல் மேடையில் ஒரு பக்கம் நான் வெங்காயம் நறுக்குவேன், மறுபக்கம் அவர் காய்களைப் பரப்பிவைத்துக்கொண்டு மோவாயைத் தடவுவார். கேட்டால், "ஒண்ணுமில்ல." அந்த 'ஒண்ணுமில்ல'வில் ஒரு சிரிப்பு இருந்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம் சவரம் ஆரம்பித்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் கிரீஸ் டப்பாவோடு ஒரு மனுஷன் ரிப்பேர் வேலைக்குப் போகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது? அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன்.

கிரீஸ் வாசனை. வேர்வை வாசனை. அதற்கும் அடியில்... முகத்துக்குப் போடுகிற பவுடர் வாசனை.

எங்கள் வீட்டில் யாரும் பவுடர் போடுவதில்லை.

கடைசியில் அவரே மாட்டிக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்.

"நல்லா ஆடுறா."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாரு?"

"ஆங்? யாருமில்ல."

"ஆடுறான்னு சொன்னீங்க. ஆடுறாருன்னு சொல்லல, ஆடுறாங்கன்னு சொல்லல. யாரு அவ?"

"தெரியாது."

"தெரியாதவ எப்படி 'அவ' ஆனா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் காலியான ஒரு ஆபீஸ். முன்பு ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்ததாம். அங்கே ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் செஸ் போர்டு. கதவுப் பூட்டு மாற்றப் போன அன்று பார்த்திருக்கிறார். காய்கள் எல்லாம் அடுக்கிய நிலையில் இருந்தன. ஒன்றைத் தவிர. வெள்ளை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் மட்டும் இரண்டு கட்டம் முன்னே வந்து நின்றது.

"யாரோ ஆட்டத்தைத் தொடங்கி விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சேன். சும்மா விளையாட்டுக்கு, நானும் கறுப்புல அதே சிப்பாயை எதிர்ல கொண்டுபோய் வச்சேன். மறுநாள் போனா..."

"போனா?"

"பக்கத்துச் சிப்பாய் நகர்ந்திருக்கு. மந்திரிக்கு முன்னாடி நிக்கிறது. 'வா, என்னை எடுத்துக்கோ'ன்னு சும்மா நீட்டின மாதிரி. நான் எடுக்கல."

அதிலிருந்து தினம் ஒரு நகர்த்தல். இவர் ஒன்று வைத்துவிட்டு வருவார். மறுநாள் பதில் காத்திருக்கும். ஆளை ஒரு நாளும் பார்த்ததில்லையாம். இரண்டாம் மாடிக் கணக்காளர் ஆபீஸில் யாராவதாக இருக்கும் என்று நினைத்தாராம்.

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"காய் ஒவ்வொண்ணும் கட்டத்துக்கு நட்ட நடுவுல இருக்கும். ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்காது. ஆம்பளை வைக்க மாட்டான் அப்படி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மென்மையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஒருத்தியின் கையைப் பார்க்காமலே, அவள் காய் வைக்கிற அழகை மட்டும் பார்த்து, என் புருஷன் அவளை ஆராய்ந்து வைத்திருக்கிறார். நான் சட்னி அரைத்துவைக்கிற அழகை ஒரு நாளாவது கவனித்திருப்பாரா?

தங்கைக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீ போய் மூஞ்சியைப் பாத்துட்டு வந்துடு," என்றாள். "பாக்காத வரைக்கும் எல்லாருமே அழகிதான்."

"போய் என்னன்னு பேசுறது?"

"பேசாத. ஆடித் தோக்கடி."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செல்போனில் செஸ் கற்றுக்கொண்டேன். எக்ஸ்ரே அறையில் ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையில், பஸ்ஸில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு... அந்த ஆரம்பம் பற்றியும் தேடிப் படித்தேன். ராணிப் பக்கத்துச் சிப்பாயை முதலில் நகர்த்துவது, பிறகு பக்கத்துச் சிப்பாயை இலவசமாக நீட்டுவது. எடுத்தால் எடுத்தவன் கவனம் ஓரத்துக்குப் போய்விடும். போர்டின் நடு இடம் அவளுக்கு.

ஆக, ஆளை இழுக்கிற ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் நன்றாகப் படித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஊருக்கு வெளியே வேறொரு கட்டடத்தில் அவசர வேலை. "இன்னிக்கு அங்க போகலை," என்றார். குரலில் ஒரு ஏமாற்றம். அது போதாதா எனக்கு? இன்றைக்கு அவருடைய நகர்த்தலை நான் வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

வேலை முடிந்து நேரே அங்கே போனேன். கீழே காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவி என்றதும் எழுந்துவிட்டார்.

"சார் இன்னிக்கு வரலையேம்மா."

"தெரியும். மேல ஒரு பொருளை மறந்து வச்சுட்டாராம். எடுத்துட்டு வந்துடறேன்."

"லிஃப்ட் ஓடாதும்மா. கயிறு வேலை பாதியில நிக்குதுன்னு சார் மெயினை அணைச்சு வச்சிருக்கார். படியிலதான் ஏறணும்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "நாலாவதுக்கா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வந்துடுங்க."

லிஃப்ட் கீழ்த்தளத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கதவில் 'பழுது' என்று எழுதின அட்டை. என் வீட்டுக்காரர் கையெழுத்து. அதைத் தாண்டிப் படியேறினேன்.

ஒன்றாவது மாடி பூட்டியிருந்தது. இரண்டாவதில் கணக்காளர் ஆபீஸ். அதுவும் பூட்டு. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படித்தேன். வேறு இடத்துக்கு மாறிவிட்டார்கள். போன மாதமே.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பொறாமை இருக்கிறதே, அதற்குக் கால் உண்டே தவிர காது கிடையாது. 'ஓகோ, ஆளே இல்லாத கட்டடமா, இன்னும் வசதிதான்' என்றே என் புத்தி போயிற்று.

நாலாவது மாடி.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலியான பெரிய அறை. சுவரோரம் துருப்பிடித்த இரும்பு அலமாரிகள். ஒரு மூலையில் சுவரிலிருந்து டெலிபோன் ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. ஜன்னலோரம் மேசை. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி மட்டும் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டிருந்தது. உட்கார் என்பதுபோல.

பவுடர் வாசனை.

போர்டைப் பார்த்தேன். நடுவில் விட்ட ஆட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வீட்டுப் போர்டில் பார்த்துப் பார்த்து, அவர் எங்கே எந்தக் காயை வைத்திருக்கிறார் என்று மனப்பாடமாகத் தெரியும்.

அந்த ஆட்டம் அங்கே இல்லை.

காய்கள் எல்லாம் புதிதாக அடுக்கியிருந்தன. வெள்ளை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் மட்டும்... இரண்டு கட்டம் முன்னே.

எனக்குச் சுருக்கென்றது. பயத்தினால் இல்லை. 'நான் வருவேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லியிருக்கிறாரா? இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா?' அந்த ஆத்திரத்தில் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கறுப்புச் சிப்பாயை எடுத்து எதிரே வைத்தேன்.

"யாரா இருந்தாலும் வா," என்றேன். "நேர்ல வந்து ஆடு."

எங்காவது மறைந்து நிற்கிறாளா என்று அலமாரிகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. அந்த நேரத்தில்தான் பின்னால் கேட்டது.

டக்.

மரத்தின்மேல் மரம் வைக்கிற சத்தம்.

திரும்பினேன். மந்திரிக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் வந்திருந்தது. கட்டத்துக்கு நட்ட நடுவில். ஒரு நூல் பிசகவில்லை.

அப்போதும் பயம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. என்னை யாரோ பிடித்து உட்காரவைத்ததுபோல் இருந்தது. எடுக்கக் கூடாது என்று படித்திருந்த அந்த இலவசச் சிப்பாயை எடுத்தேன். வேண்டுமென்றே எடுத்தேன். என் புருஷன் எடுக்கத் தயங்கினதை நான் எடுப்பேன்.

ஜன்னலைப் பார்த்தேன்.

டக்.

நடுவில் இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றன.

நான் நகர்த்தினேன். கண்ணை மூடினேன். டக். நகர்த்தினேன். மூடினேன். டக்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் நகராது. கண்ணை எடுத்தால் போதும்.

எதிர் நாற்காலியில் பழைய பஞ்சு மெத்தை ஒன்று இருந்தது. அது நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. முதலில் பார்த்தபோது அப்படி இருந்ததா என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட உனக்கு என்ன ஆட்டம்?" என்று கேட்டேன்.

பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது. முன்னால் குனிந்து உட்கார்ந்ததுபோல.

அப்புறம் அவள் தப்பாக ஆட ஆரம்பித்தாள்.

மந்திரியை என் சிப்பாய் வெட்டுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். வெட்டினேன். குதிரையைக் காவல் இல்லாமல் விட்டாள். எடுத்தேன். ஒவ்வொன்றாக என் பக்கம் வெள்ளைக் காய்கள் சேர்ந்தன. 'இவளையா நல்லா ஆடுறான்னு சொன்னீங்க?' என்று மனசுக்குள் அவரிடம் சண்டை போட்டேன். உள்ளே ஏதோ ஒன்று குதியாட்டம் போட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

டக்.

வெள்ளை ராணி. என் குதிரை வெட்டுகிற கட்டத்தில்.

எடுத்தேன்.

அது சூடாக இருந்தது.

வெகுநேரம் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த பொருள் எப்படி இருக்கும்... அப்படி.

காயைக் கீழே வைத்துவிட்டேன். விரலைச் சேலையில் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளை ராஜா போர்டின்மேல் சாய்ந்து கிடந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டால் அப்படித்தான் சாய்ப்பார்கள்.

ஜெயித்துவிட்டேன்.

அப்போது வெளியே லிஃப்ட் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"போலாமா, மகாராணி?"

அவர் குரல்.

கல்யாணமான புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயர் எப்போது நின்றது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எத்தனை வருஷம் கழித்து... வந்துவிட்டார். பார்த்திருக்கிறார். நான் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார். அவள் முன்னாலேயே கூப்பிடுகிறார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வராந்தாவில் விளக்கு இல்லை. ஆனால் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே மங்கலாக மஞ்சள் வெளிச்சம். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிற நிழல். இஸ்திரி போட்ட சட்டையின் காலர்கூடத் தெரிந்தது.

"வா," என்றது குரல்.

நடந்தேன். ஓடாத லிஃப்ட் என்பது நினைவுக்கே வரவில்லை.

வாசல்படி இரும்பில் கால் வைத்தேன்.

கைப்பைக்குள் போன் அடித்தது.

எரிச்சலோடு எடுத்தேன். திரையில் அவர் பெயர்.

"எங்க இருக்கே?" அவர்தான். "வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. வீட்டு வாசல்ல நிக்கிறேன். சாவி உன்கிட்டதானே இருக்கு?"

பின்னணியில் எங்கள் பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்டது.

மணி ஏழு பத்து. திரையில் தெரிந்தது.

நிமிர்ந்தேன்.

வெளிச்சம் இல்லை. நிழல் இல்லை. லிஃப்ட் இல்லை.

கறுப்பு.

முகத்துக்கு நேரே இரண்டு கயிறுகள் மட்டும் தொங்கின. புதுக் கிரீஸ் பளபளத்தது. கீழேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. என் வலது கால் பாதி வெளியே...

செருப்பு நழுவியது.

ஒன்று... இரண்டு... அப்புறம்தான் கேட்டது.

தொப்.

"ஹலோ? என்ன சத்தம்? ஹலோ?"

பின்னால் விழுந்தேன். தவழ்ந்தேன். படியைக் கைகளால் தேடிக் கண்டுபிடித்தேன்.

முதல் படியில் கால் வைக்கும்போது பின்னால் அந்த அறையிலிருந்து...

டக்.

டக். டக். டக்.

யாரோ காய்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காவல்காரர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். என் ஒற்றைச் செருப்பை மட்டும் பார்த்தார்.

மறுநாள் பகலில் என் வீட்டுக்காரர் வேறு இரண்டு மெக்கானிக்குகளை அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் என் செருப்பு. வாசலில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லிஃப்ட் கீழ்த்தளத்துலயேதான் நிக்குது," என்றார். "அதோட தலைமேல கிடந்தது."

"கதவு?"

"பூட்டியிருக்கு. நானே போட்ட புதுப் பூட்டு. லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து நின்னாத்தான் திறக்கும். மூணு பேரும் சேர்ந்து இழுத்துப் பாத்தோம். அசையல."

"போர்டு?"

"இருக்கு. நான் பாதில விட்ட ஆட்டம் அப்படியே இருக்கு." என் முகத்தைப் பார்த்தார். "நீ ஆடின ஆட்டம் அங்க நடக்கவே இல்ல."

கம்பெனியில் சொல்லி அந்த வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிக்கொண்டார். போர்டு மறுபடி பரணுக்குப் போனது.

பயம் கொஞ்ச நாளில் தணிந்துவிட்டது. மற்றது தணியவில்லை. சாயங்காலம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு உள்ளுக்குள் அரிக்கும். எந்தக் காயை யோசிக்கிறார்? பாதியில் விட்ட ஆட்டத்தையா? "பேய்மேல சந்தேகப்படுற ஒரே பொண்டாட்டி நீதான் அக்கா," என்று தங்கை சிரித்தாள். சிரிக்கட்டும். என் உயிரை எடுக்கப் பார்த்தவள்மீது எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது என்னவோ, 'அவர் அவளோடு அத்தனை நாள் ஆடியும் அவரை ஒன்றும் செய்யவில்லையே' என்ற பொறாமைதான். அவரிடம் மட்டும் ஏன் ஒழுங்காக ஆடினாள்? என்னிடம் மட்டும் ஏன் தோற்றாள்?

யாரென்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. அந்தத் தெருப் பக்கத்திலிருந்து வயதானவர்கள் யார் எக்ஸ்ரே எடுக்க வந்தாலும் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, மணிக்கட்டு வீங்கி ஒரு அம்மாள் வந்தார். வெள்ளை முடி, கண்ணியமான முகம். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அவர் கையை எக்ஸ்ரே தட்டின்மேல் வைத்துக்கொண்டே, அந்தக் கட்டடம் தெரியுமா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தெரியுமாவா?" என்றார். "நாலாவது மாடியில இருந்த கம்பெனியிலதான் நான் டெலிபோன் ஆபரேட்டர்."

செஸ் பற்றிக் கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தார், போர்டைப் பார்த்தார் என்று மட்டும் சொன்னேன். மீதியை அவராகவே சொன்னார்.

"எங்க சூப்பர்வைசரும் நானும் சாப்பாட்டு நேரத்துல ஆடுவோம். ஆட்டம் மட்டும்தான்மா, வேற ஒரு பேச்சும் கிடையாது. அவர் வீட்டம்மா நம்பல. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு நேரா மேல வந்துட்டாங்க. நான் மட்டும்தான் இருந்தேன். எதிர்ல உக்காந்து, 'என்கூட ஆடு'ன்னாங்க."

"ஆடினீங்களா?"

"ஆடினேன். எனக்கு எப்பவும் ராணிச் சிப்பாய்லதான் தொடங்கிப் பழக்கம். அவங்க பாவம், அப்பத்தான் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. கை நடுங்குது. கண்ணுல தண்ணி நிக்குது. என்னால பாக்க முடியல. இந்த ஒரு ஆட்டத்துல ஜெயிச்சா அவங்க மனசு ஆறும்னா ஆறட்டுமேன்னு... வேணும்னே தோத்தேன்மா. ஒவ்வொரு காயா விட்டுக் குடுத்தேன். கடைசியில ராணியையே கொண்டுபோய் அவங்க குதிரை வெட்டுற இடத்துல வச்சேன். ராஜாவைச் சாய்ச்சேன்."

என் எதிரில் ஆடியவள் செத்துப்போன ஒருத்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்; அதே ஆட்டத்தை ஆடியவரோ உயிரோடு, என் கைக்குள் தன் மணிக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரி. சட்டுனு எழுந்தாங்க. 'இதோ வரேங்க'ன்னு சொல்லிக்கிட்டே லிஃப்ட் பக்கம் நடந்தாங்க. கதவு திறந்திருந்தது. லிஃப்ட் கீழே நின்னுது."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரா?"

"அதைத்தாம்மா போலீஸும் கேட்டாங்க," என்றார். "அவர் அன்னிக்கு ஊர்லயே இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன். யாரும் கூப்பிடல. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."